இரண்டு முடிச்சுப் போட்ட கயிறு

என்னிடம் ஓர் இரும்பு அளவுநாடா இருந்தது. மேசன்மார் இடுப்பில் செருகியிருப்பார்களே, இழுத்தால் நீண்டு, விட்டால் சீறிக்கொண்டு உள்ளே ஓடிவிடும், அந்த மாதிரி. அதைக்கொண்டு வாப்பாவின் வீட்டில் அளக்கக்கூடியதையெல்லாம் அளந்தேன். உம்மாவின் அலுமாரி, இரட்டைக் கட்டில், ஆறு கதிரை, சாப்பாட்டு மேசை, தையல் மெசின், ஃபிரிஜ். பழைய கொப்பியொன்றில் நீளம், அகலம், உயரம் என்று மூன்று கோடு போட்டு எழுதினேன். பிறகு புத்தளத்துக்கு வந்து, அவர்கள் வந்து இருக்கப்போகும் சின்ன வீட்டை அளந்தேன். எது வரும், எது வராது என்று கொப்பி சொல்லிவிட்டது.

வாப்பா அளந்ததை நான் அளக்கவில்லை.

அவர்களுடைய வீடு நுரைச்சோலை தாண்டிக் கற்பிட்டிக்குப் போகும் வீதியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்புத் தண்ணீர், நடுவில் மணல். மணலில் கிணறு, கிணற்றைச் சுற்றி வெங்காயம். முற்றத்தில் நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் உம்மா உடுப்புக் காயப்போடுவார். வாப்பா கருவாட்டு வியாபாரி. ஐந்து அறை, நீண்ட ஹோல், ஹோலின் முகப்பில் இரட்டைக் கதவு. அந்தக் கதவு இரண்டையும் திறந்துவிட்டால் காற்று வீட்டுக்குள் நுழைந்து, யாரிடமும் சொல்லாமல் பின்னால் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு எழுதப்படுவது. மூத்தவளான எனக்குப் புத்தளம் டவுனில் ஒரு வீடு தந்தார்கள். தாங்கள் வாழ்ந்த வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிவிட்டு அதிலேயே இருந்தார்கள். தங்கச்சி குடும்பத்தோடு கட்டாருக்குப் போய்ப் பல வருஷம். ஐந்து அறையில் இரண்டு பேர். சீனி வருத்தம் உம்மாவின் காலில் ஒரு புண்ணைத் திறந்து, மூட மறுத்துக்கொண்டிருந்தது. அவருடைய நடை படுக்கைக்கும் குசினிக்கும் இடையில் சுருங்கிப்போனது. பிறகு ஒருநாள் வாப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். உம்மா கூப்பிட்ட சத்தம் அடுத்த வளவுக்கு எட்டும்வரை அப்படியே கிடந்தார் என்று, நாங்கள் மச்சி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாப்பா சொல்லவில்லை.

என் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு நின்றது. இரண்டு அறை, ஒரு சின்ன ஹோல், குசினி. வெளியூரிலிருந்து வரும் ஆசிரியைகளுக்கு வாடகைக்கு விடுவோம். அதைக் காலியாக்கி, வெள்ளையடித்து, வாங்க என்றேன். உம்மா உடனே ஓம் என்றார். வாப்பா “பாப்பம்” என்றார்.

வயதானவர்களைச் சின்ன வீட்டுக்கு மாற்றுவது என்றால் பொருட்களோடு சண்டை பிடிப்பது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஒவ்வொரு வெள்ளியும் சனியும் பஸ்ஸில் போய், ஒவ்வோர் அறையாகத் திறந்தேன். சண்டை நடக்கவில்லை. பொருள் என்று வந்தால் வாப்பாவின் கை திறந்தே இருந்தது. எங்கள் இரண்டு பேருடைய கலியாணத்துக்கும் வாங்கிய சஹன் தட்டுகள் ஓர் அறை நிறைய இருந்தன. ஒவ்வொரு தட்டையும் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அவற்றைக் கையால் ஒருதரம் தடவிவிட்டு, “பள்ளிவாசலுக்குக் குடு, கந்தூரிக்கு ஒதவும்” என்றார். கருவாடு நிறுத்த பெரிய தராசைப் பழைய கூட்டாளி வந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். வாப்பா வாசல்வரைகூட வரவில்லை.

உம்மாவுக்குத்தான் சின்னச் சின்ன விக்கல்கள் இருந்தன. பித்தளைப் படிக்கத்தை மச்சி கேட்டபோது உம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ வெத்திலயே போடுறதில்ல, எச்சி துப்புற பாத்திரம் ஒனக்கு என்னத்துக்குடி?”

“நான் துப்புறதுக்கா கேக்குறேன்? நீ போன பொறகு பாத்துக்கொண்டிரிக்கத்தான்” என்றார் மச்சி.

உம்மா கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் பிறகு வேறு பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி வீடு மெல்ல மெல்ல எடை குறைந்தது. சுவர்களில் படங்கள் இருந்த இடங்கள் வெளிறிய சதுரங்களாக நின்றன. பேசினால் அறை திருப்பிப் பேசியது. ஆனால் நாள் குறிக்கும் நேரம் வந்தால் மட்டும் வாப்பா நழுவினார். முதலில் ஸஃபர் மாதம் கழியட்டும் என்றார். அந்த மாதத்தில் வீடு மாறக்கூடாது என்று யாராவது சொன்னால், அப்படி மார்க்கத்தில் எங்கே இருக்கிறது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் அவர்தான். பிறகு மழை. பிறகு கிளினிக் நாள். பிறகு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம், காற்று மாறட்டும்.

நான் என் மனதில் ஒரு காரணத்தைத் தயாரித்துக்கொண்டேன். வெளியில் கொடுத்துக்கொண்டு உள்ளே நோகிறார், கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுபோக விட்டால் மனம் இறங்குவார் என்று. சின்ன வீட்டில் கதவுகளுக்கு மேலே சாமான் அடுக்க ராக்கை அடிப்பித்தேன். வராது என்று கொப்பி சொன்ன அலுமாரியை வரவைத்தேன். சாப்பாட்டு மேசையின் காலைக் குறைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஒவ்வொன்றையும் போனில் சொல்லச் சொல்ல, வாப்பா “நல்லம், நல்லம்” என்றார். நாள் மட்டும் தரவில்லை.

அந்த நாட்களில் ஒன்றில்தான் மெத்தையைச் சுருட்டிக் கட்டுவதற்குக் கயிறு தேடினேன். முன்கதவுக்குப் பின்னால், ஆணியில், நீல நைலோன் கயிறொன்று வளையமாகத் தொங்கியது. இரண்டு இடத்தில் முடிச்சு. கருவாட்டுக் கயிறு, முடிச்சு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். கத்தியால் இரண்டாக வெட்டி மெத்தையின் இரண்டு பக்கமும் இறுக்கினேன். வாப்பா அஸர் தொழுதுவிட்டு வந்தார். மெத்தையைப் பார்த்தார்.

“அந்தக் கயிறா?” என்றார்.

“ஓம் வாப்பா, வேற கிடைக்கல்ல.”

உள்ளே போனார்.

இரண்டு கிழமை கழித்து, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பள்ளிவாசலின் மோதினார் என்னைக் கண்டு நின்றார். பாங்கு சொல்வதிலிருந்து தண்ணீர்த் தாங்கி கழுவுவதுவரை அவர்தான் பார்ப்பார். மற்ற நாட்களில் ஸலாத்தோடு போய்விடும் மனிதர், அன்று தயங்கினார்.

“ராத்தா, வாப்பாக்கு சுகம்தானே?”

சுகம்தான் என்றேன்.

“இல்ல, ரெண்டு தரம் வந்து சந்தூக்க அளந்துகொண்டு போனாரு. மொதல் தரம் நான் பயந்திட்டேன். யாரும் மௌத்தா எண்டு கேட்டேன். இல்ல, வீடு மாறப்போறோம் எண்டாரு.”

சந்தூக்கு என்பது இறந்தவரின் உடலை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோகிற பெட்டி. பள்ளிவாசலின் பின்பக்கம், கூரைக்குக் கீழே, பச்சைத் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். எங்களில் யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் ஒரே ஒரு தரம் ஏறுகிற ஒரே வாகனம்.

எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, கோபம். ஒருமணி நேரப் பஸ்ஸில் டவுனுக்கு இரண்டு தரம் வந்திருக்கிறார். என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு கோப்பைத் தேத்தண்ணீருக்குக்கூட ஏறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் அடுத்த நாளே பஸ் ஏறினேன். பாலாவி கடந்து, களப்பு வெளிச்சமாக விரியும் இடத்தில்தான் கயிறு ஞாபகம் வந்தது. இரண்டு முடிச்சு. ஒன்று பெட்டி தொடங்கும் இடம், மற்றது முடியும் இடம். அதை நான் வெட்டியதால்தான் இரண்டாம் தரம் பஸ் ஏறியிருக்கிறார். கிணற்றடியில் வழுக்கி விழுந்த அந்தக் காலோடு.

கிணற்றடியில் உட்கார்ந்து பழைய மீன்பெட்டிகளிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். நேராகக் கேட்டுவிட்டேன். ஆணியை வெளிச்சத்தில் பிடித்து, வளைந்திருக்கிறதா என்று பார்த்து, டின்னில் போட்டார்.

கொழும்பில் மௌத்தான என் மாமியின் கதையைச் சொன்னார். வாப்பாவின் ஒரே ராத்தா, அவருக்கு மூத்தவர். மகனோடு மாடி வீட்டில், மூன்றாம் தட்டில் இருந்தவர். நான் அப்போது சின்னவள், கொழும்புக்குக் கூட்டிப்போகவில்லை. திரும்பி வந்த வாப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அது ராத்தா போன துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

“படி வளைஞ்சு வளைஞ்சு போற படி. சந்தூக்கு மேல வரல்ல, கீழயே வச்சிட்டாங்க. ராத்தாவ ஒரு கதிரையில இருத்தி, சீலையால கட்டி எறக்கினோம். நான் மேல் பக்கம் புடிச்சேன். ஒவ்வொரு படிக்கும் தலை ஆடிச்சு, ஓம் ஓம் எண்டு செல்ற மாதிரி.”

இன்னோர் ஆணி டின்னில் விழுந்தது.

“வந்து உம்மாக்கு மட்டும் சென்னேன். அவ ஒண்டே ஒண்டுதான் கேட்டா. என்ன அப்பிடி எறக்கிப்போடாதீங்க எண்டா. சரி எண்டு சென்னேன்.”

சின்ன வீட்டில் மாடி இல்லையே வாப்பா, என்றேன். மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். என் வீட்டின் பக்கச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் நேராகப் போகிற நடைபாதை. அதன் முடிவில், நானும் என் கணவரும் பிறகு கட்டிய சாமான் அறை. அந்த அறையின் மூலையில் பாதை சட்டென்று மடங்கும். மடங்கினால்தான் சின்ன வீட்டின் கதவு. அந்த மடிப்பில் விரலை வைத்து அழுத்தினார். மணல் குழிந்தது.

“நீ கொப்பியில எழுதினது சரி, புள்ள. கட்டிலக் கழட்டலாம். அலுமாரிய நிமித்தலாம். மையித்த கழட்டவும் ஏலா, நிமித்தவும் ஏலா.”

நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் எத்தனை வருஷம் நடந்திருக்கிறேன். காஸ் சிலிண்டர் போயிருக்கிறது, தண்ணீர்த் தாங்கி போயிருக்கிறது, ஆசிரியைகளின் கட்டில்கள் போயிருக்கின்றன. வாழ வருகிறவர்களுக்கு அந்த வழி போதும். போகிறவர்களுக்குப் போதுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் வீட்டை உள்ளே வரும் வழியாக மட்டுமே அளந்திருந்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

“அது நாங்க ஒனக்குத் தந்த வீடு. தந்த வீட்ட ஒடை எண்டு செல்ல வாப்பாக்கு ஏலுமா?”

அதுதான் கணக்கு. ஸஃபர் மாதம், மழை, நெஞ்சில் கட்டு எல்லாம் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் இருப்பதற்கான வேலிகள். மாதக்கணக்கில், ஒரு பக்கம் உம்மாவுக்குக் கொடுத்த சொல், மறுபக்கம் எனக்குக் கொடுத்த சுவர். இரண்டுக்கும் நடுவில், சந்தூக்கைப் போலவே, அவரும் திரும்ப முடியாமல் நின்றிருக்கிறார்.

வாப்பா இரண்டாம் தரம் அளந்த புதிய கயிற்றை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். இதுவும் நீலம், இதிலும் இரண்டு முடிச்சு. வீட்டில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் தந்து, மறுமுனையோடு பாதையில் நடந்தார். மூலைக்கு வந்ததும் கயிறு சாமான் அறைச் சுவரில் முட்டி வளைந்தது. அவர் நேராக்கிப் பார்த்தார், மதில் முட்டியது. உயர்த்திப் பார்த்தார். பிறகு, கையில் இருப்பது என்ன என்று உறைத்ததுபோல, மெல்லத் தாழ்த்தினார்.

சாமான் அறையை உடைக்க வந்த மேசன் பாஸ் சிலாபம் பக்கத்தவர். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுகிறவர், கிறிஸ்தவ வேதக்காரர். முழு அறையையும் எடுக்க வேண்டாம், மூலையைச் சாய்வாக வெட்டினால் அரைவாசி அறை மிஞ்சும் என்றார். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கேட்டார். கயிற்றைக் கொடுத்தேன். இது என்ன அளவு என்றார். சொன்னேன். கழுத்திலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இன்னும் ஒரு சாண் கூட்டி வெட்டுவோம், நோனா. தூக்குற ஆக்கள்ட தோளுக்கும் எடம் வேணுமே. எங்கட பெட்டி எண்டா இதுவும் காணாது.”

தூக்குகிறவர்களின் தோளை வாப்பாவும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை.

உடைக்கும்போது என் சாமான்களை வெளியே எடுத்தேன். திறக்காத தேநீர்க் கோப்பைப் பெட்டிகள், ஓடாத மின்விசிறி, பிள்ளைகளின் பழைய சப்பாத்துகள், ஒருநாள் உதவும் என்று வைத்த ஒருநாளும் உதவாதவை. மற்றவர்களுடைய வீட்டைச் சுருக்கப் போனவளின் வளவில் அது ஒரு சின்ன மலையாகக் குவிந்தது. ஒழுங்கையில் திரியும் கழுதையொன்று கேற்றுக்குள் தலையை நீட்டி அதைப் பார்த்துவிட்டுப் போனது. வாப்பா சஹன் தட்டுகளைக் கொடுத்த வேகத்தில் எனக்குக் கொடுக்க வரவில்லை.

மூலை வெட்டிப் பூச்சுக் காய்ந்த கிழமையே வாப்பா நாள் சொன்னார். ஒரு சின்ன லொறியில் எல்லாம் வந்து சேர்ந்தது. ராக்கைகள் வெறுமையாகவே இருந்தன. நான் கஷ்டப்பட்டு வரவைத்த அலுமாரியை உம்மா மச்சிக்குக் கொடுத்துவிட்டிருந்தார். உம்மாவைச் சக்கரக் கதிரையில் வைத்துப் பாதையால் தள்ளிக்கொண்டு வந்தோம். மூலைக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். புதிய சிமெந்தைப் பார்த்தார். வாப்பாவைப் பார்த்தார்.

“யாருக்கு அளந்தீங்க? எனக்கா, ஒங்களுக்கா?”

“முந்துறவங்களுக்கு” என்றார் வாப்பா.

“அப்ப நான்தான். நீங்க எதுக்கும் பிந்தித்தானே வருவீங்க. நிக்காஹ்வுக்கும் பிந்தித்தான் வந்தீங்க.”

லொறிக்காரர் சிரித்தார். வாப்பாவும் கொஞ்சம் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை, தள்ளச் சொல்லிக் கை காட்டினார்.

அந்தச் சின்ன வீட்டில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஒரு வருஷமும் கொஞ்சமும். உம்மா ஜன்னலடிக் கட்டிலில் இருந்துகொண்டு என் குசினியை நடத்தினார். உப்புக் கூடியது குறைந்தது எல்லாம் வாசனையிலேயே தெரியும் அவருக்கு. இங்கிருந்து பார்க்கப் புகைபோக்கி இல்லையே, காற்றை எப்படிப் பார்ப்பது என்று முதல் மாதம் குறைப்பட்டார். பிறகு உப்பளப் பக்கத்திலிருந்து வரும் காற்றை உதட்டில் வைத்தே சொல்லப் பழகினார். வாப்பா ஐந்து நேரமும் பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். பச்சைத் துணி போர்த்திய பெட்டியைத் தாண்டித்தான் கைகால் கழுவி வுழூச் செய்யப் போகவேண்டும்.

உம்மா முந்தினார். சொன்னபடியே. புண் காலிலிருந்து மேலே ஏறி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து, பத்தாம் நாள் காலை வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்றார்கள். ளுஹர் தொழுகைக்கு முன்னால் மௌத்தானார். நானும் மச்சியும் ஒழுங்கைப் பெண்களும் குளிப்பாட்டினோம். புண் இருந்த காலில் நான் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன், வலிக்கும் என்பதுபோல. மச்சி என் கையைப் பிடித்துச் சரி என்றார். வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டோம். கட்டாரில் தங்கச்சி போனைக் கையில் பிடித்தபடி இருந்தாள். அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

எங்களில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆண்கள் தூக்குவார்கள், பள்ளிவாசலில் தொழுவார்கள், மண்ணில் வைப்பார்கள், கைப்பிடி மண் போடுவார்கள். கபுறு எப்படி இருந்தது, மண் ஈரமா வரட்சியா என்று பிறகு கேட்டுத்தான் அறிவோம். வீட்டுக் கதவிலிருந்து கேற்றுவரை உள்ள தூரம்தான் எங்களுக்கு. ஒரு மகளுக்கு உம்மாவின் கடைசிப் பயணத்தில் கிடைப்பது அந்த நடைபாதை மட்டும்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு பேர் தூக்கினார்கள், முன்னால் என் கணவர். வாப்பாவின் தோளுக்கு அந்தப் பாரத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் முன்கூட்டியே போய் அந்த மூலையில் நின்றார். வெட்டிய சுவரின் விளிம்பில் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார், பெட்டி உரசினால் முதலில் தன் கையில் உரசட்டும் என்று.

உரசவில்லை. சந்தூக்கு வந்தது, திரும்பியது, மட்டமாக, ஒரு பக்கமும் சாயாமல். தூக்கியவர்களின் தோள்களும் திரும்பின. மேசன் கூட்டி வெட்டிய அந்த ஒரு சாணில் வாப்பாவின் கை இருந்தது. பிறகு கேற்று, ஒழுங்கை, கலிமாச் சத்தம், அது தேய்ந்து போனது. அவ்வளவுதான் நான் பார்த்தது. அது முழுதாக இருந்தது.

அன்று மாலை வாப்பா திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, “தலை ஆடல்ல” என்றார். என்னிடம் சொன்னாரா, உம்மாவின் கட்டிலிடம் சொன்னாரா தெரியாது.

இப்போது வாப்பா தனியாக இருக்கிறார். இரண்டு அறையும் அவருக்குக் கூடுதல் என்கிறார். ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார். கயிறு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போன மாதம் மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று என் கணவர் சைக்கிளைக் கொண்டுபோய் அந்த மூலையில் சாத்தினார். விடிய ஸுபஹுத் தொழுகைக்குப் போன வாப்பா அதைத் தூக்கிக் கேற்றடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இவ்வளவு வயதில் எப்படித் தூக்கினார் என்று இவர் ஆச்சரியப்பட்டார். நான் துணியொன்றை எடுத்துப்போய் ஆசனத்தின் ஈரத்தைத் துடைத்து, சைக்கிளை வீட்டுக்குள் உருட்டி வந்து, என் ஹோலில், கதிரைகளுக்கு நடுவில் நிறுத்தினேன்.